குஜராத்துக்குப் போகாமல் இருந்த ஐந்து மாதம்

எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா ஒன்பது சனிக்கிழமைகள் மாதாவுக்கு நவநாள் ஜெபம் செய்தாள். நான் அப்போது கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. முழங்கால் வலியோடு அம்மா அதைப் பதினைந்து நிமிடமாக நடப்பாள். ஒன்பதாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்தது. அம்மா கடைசி சனிக்கிழமையை நன்றி ஜெபமாக மாற்றிக்கொண்டாள். பூசை முடிந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை எந்த ஊரில் என்று கேட்டாள்.

"குஜராத்து."

"அங்க இன்னாத்துக்கு?"

"ஃபாக்டரி அங்கதான்மா கீது."

அம்மா சுவரில் இருந்த மாதா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேல வேணும்னு கேட்டேன். எந்த ஊர்லன்னு சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் கொடுத்துவிட்டு வந்தவளைப் போலத்தான் அவள் முகம் இருந்தது. மாதாவின் மேல் அவளுக்குக் குறை எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமையே இரண்டாவது நவநாளைத் தொடங்கினாள். என்ன வேண்டுதல் என்று என்னிடம் சொல்லவில்லை. "போறதும் போவாததும் உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பெண்ணைக் கட்டிப்போடும் வழக்கம் நம் வீட்டில் இல்லை என்பதில் நைனாவுக்குப் பெருமை உண்டு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் தூக்கி வைத்த பெட்டிகள் போகாத நாடு இல்லை. அவர் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி. "நீ படிச்ச பொண்ணு, உன் இஷ்டம்மா" என்று சொன்னவர், மறுநாளிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரும் குஜராத் லாரி டிரைவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினார். சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் ஒரு செய்தியை எடுத்து வைப்பார். ஒரு நாள், "அங்க மீனே துன்ன மாட்டாங்களாம்" என்றார். இன்னொரு நாள், "பருப்புல சக்கர போடுவாங்களாம்." மூன்றாவது நாள், "அந்த ஸ்டேட்ல சரக்கே கெடையாதாம்."

நைனா குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மூன்று செய்திகளில் அதைத்தான் மிகவும் துக்கத்தோடு சொன்னார்.

"நான் இன்னா நைனா குடிக்கவா போறேன்?"

"தகவல் சொன்னேன், அவ்ளோதான். முடிவு உன்து."

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு மகன்கள். இருவரும் துபாயில் இருக்கிறார்கள். பெரியவன் வாங்கிக்கொடுத்த பெரிய டிவியில் சின்னவனோடு வீடியோவில் பேசிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அம்மாந் தூரம் பொண்ண அனுப்பிட்டு ஒங்கம்மா எப்டி இருக்கும்? பெத்தவங்களாண்ட புள்ளங்க இருக்கறதுதான் சொகம்" என்றாள். டிவிக்குள்ளிருந்து சின்னவன், "ஆமாம்மா" என்றான்.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரித் தோழிகளிடம் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். இந்த ஊரின் புழுதியும் லாரியும் மணலித் தொழிற்சாலைக் காற்றும் போதும், கிளம்பினால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று வகுப்பில் சத்தமாகச் சொன்னவள் நான்தான். உள்ளுக்குள் நான் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்காக. யாராவது ஒருவர் எழுந்து, "நீ போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பேன், பிறகு சம்மதிப்பேன். அதற்கப்புறம் வாழ்நாள் முழுவதும், "என்னை மட்டும் அன்று விட்டிருந்தால்" என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம். இவ்வளவு வசதியான வாழ்க்கை எனக்குக் கிடைக்காமல் செய்தது எங்கள் வீட்டுப் பெருந்தன்மை.

நைனா தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் மணலியில் ஒரு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார். ஒரு தொழிற்சாலைக்குப் பரிசோதனைக்கூடம் நடத்தும் சின்ன கான்ட்ராக்ட் நிறுவனம். நேர்காணல் எடுத்தவர் ஐம்பது வயதுக்காரர், தென்காசிப் பக்கம். அறை புழுக்கமாக இருந்ததால் நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "அதைத் திறந்தா வேலைக்கே வர மாட்டே" என்றார். பிறகு என் காகிதங்களைப் புரட்டினார்.

"குஜராத் ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு இங்க எதுக்கும்மா வந்தே?"

"வீட்டுக்குப் பக்கம் சார்."

"உனக்குப் பக்கம். நான் ஒரு வருசம் பாத்துட்டு ஊருக்குப் போயிருவோம்னுதான் இங்க வந்தேன். இருவத்திரெண்டு வருசம் ஆச்சு." அதைச் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் பதில் சொன்னால் போதும் என்றார். பக்கத்தில் இருக்கும் அந்த வேலையிலிருந்து வீடு திரும்ப டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஆனது.

குஜராத் கம்பெனிக்குப் பதில் அனுப்ப ஒரு வியாழக்கிழமை கடைசி நாள். அன்று காலை அம்மா என்னிடம் ஒரு டிபன் கேரியரைக் கொடுத்து அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். அண்ணன் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகும் லாரி வரிசையில், முந்தின நாளிலிருந்து நின்றுகொண்டிருந்தான். இது எங்கள் வீட்டில் புது விஷயம் இல்லை. வரிசை நீளும்போது கேரியர் போகும்.

ஷேர் ஆட்டோவில் இறங்கி, நம்பர் பார்த்துக்கொண்டே லாரிகளை ஒட்டி நடந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரி. டிரைவர்கள் வண்டி நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேட்டியைத் துவைத்து இரண்டு லாரிகளுக்கு நடுவில் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார். அண்ணன் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். அவன் கேரியரைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"எம்மா நேரமாண்ணா நிக்கிற?"

"நேத்து காலைல குந்துனது. சங்கரா மீனா? ஷோக்கா கீது."

"இன்னிக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

"அத்த என்னாண்ட கேக்குற?"

"எல்லாரும் உன் இஷ்டம், உன் இஷ்டம்னே சொல்லிகினு கீறாங்க. யாராவது ஒருத்தர் வேணான்னு சொன்னா..."

"சொன்னா?"

அவன் முள்ளை எடுத்துக் கேரியர் மூடியில் வைத்தான்.

"வேணான்னு சொன்னா நிம்மதியா வூட்லியே இருந்துடுவ. அப்பால ஆயுசுக்கும் அவங்கள திட்டிகினு இருப்ப. நான் சொல்ல மாட்டேன்மா. அம்மாவும் சொல்லாது. அது மாதாவ வுட்டு சொல்ல வெக்கலாம்னு பாக்குது. சனிக்கெழம சனிக்கெழம எதுக்குப் போவுதுன்னு நெனச்ச?"

இரண்டாவது நவநாளின் வேண்டுதல் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"குஜராத்துக்கு பிளேன்ல எவ்ளோ நேரம்?" என்று கேட்டான்.

"ரெண்டரை மணி நேரம்னு சொல்றாங்க."

"நான் வூட்டாண்டேர்ந்து மூணு கிலோமீட்டர்ல கீறேன். கொழந்தய பாத்து ரெண்டு நாள் ஆச்சு. நான் தூரமா பூட்டேன்னு யாராவது அழுதாங்களா?"

அவன் சொன்னது நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. என்னால் முடியாது என்றுதானே நினைக்கிறாய், பார் என்கிற மாதிரி போனை எடுத்து, கம்பெனியின் கடிதத்தைத் திறந்து, சம்மதம் என்று இருந்த இடத்தில் அழுத்தினேன். முதல் தடவை நெட்வொர்க் இல்லை. இரண்டாவது தடவை போனது.

"அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன்."

அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. அண்ணன் இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சோற்றுக் கையை வெளியே நீட்டியபடி வண்டியைக் கிளப்பினான். இரண்டு லாரி நீளம் போய் மறுபடி நின்றோம். என் வாழ்க்கையின் பெரிய முடிவை எடுத்தபிறகு நான் பயணம் செய்த முதல் தூரம் அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மணலிக்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். "நல்லது" என்றார். பரீட்சை முடிந்தது. ஜூலை முதல் வாரம் வேலையில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில் ஃபாதர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, நம் பங்குக் கோயிலின் மகள் தூர தேசம் போகிறாள் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இளைஞர் குழு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. நைனாவோடு வேலை செய்பவர்கள் சேர்ந்து பிரஷர் குக்கர் வாங்கித் தந்தார்கள். அங்கே குளிர் பயங்கரமாக இருக்கும் என்று யாரோ சொல்லி இரண்டு கம்பளிகள் வந்தன. பக்கத்து வீட்டு அக்கா துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த பெரிய சிவப்பு சூட்கேஸைக் கொடுத்தாள். தெருவில் கேக் வெட்டினோம். அம்மா அன்று முழுசாக அழுதாள். சித்திகள் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நைனா மொட்டை மாடிக்குப் போய்விட்டு, கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்தார். என் திருமணத்துக்குக் கூட இவ்வளவு அழ முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ரயிலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் புதியவர்கள் வேலையில் சேரும் தேதி தள்ளி வைக்கப்படுகிறது, புதிய தேதி பிறகு தெரிவிக்கப்படும், உங்கள் பொறுமைக்கு நன்றி. நான் பொறுமையாக இருப்பேன் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். துக்கத்தில் சாப்பிடுகிறேன் என்று நினைத்து அம்மா இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை பால் வாங்கப் போகும்வரை இருந்தது.

"இன்னாமா, நீ போவல?"

தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றேன். அடுத்த வாசலில் மறுபடி கேட்டார்கள். கை தட்டி, கேக் வெட்டி, கட்டிப்பிடித்து அழுது அனுப்பிவைத்த ஆள் கையில் பால் பாக்கெட்டோடு நடந்து வந்தால் தெருவும் என்னதான் செய்யும்? முதல் மாதம் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது மாதம் அந்தக் கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரித்தார்கள். மூன்றாவது மாதம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இல்லாத முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேயும் ஃபாதர் வாசலில் நின்று, "எப்பம்மா வந்தே?" என்று அன்பாகக் கேட்டார். நான் போய்விட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நேத்துதான் ஃபாதர் என்றேன். கோயில் வாசலில் சொன்ன பொய்.

மணலிக்காரருக்குப் போன் செய்து பார்த்தேன். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். பிரயாணத்துக்கு என்று அம்மா கட்டி வைத்திருந்த கருவாடு வாரம் ஒரு முறை குழம்பாகித் தீர்ந்தது. பிரஷர் குக்கரை அண்ணி எடுத்துப் புழங்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"தப்பா எடுத்துக்காத. அந்த சூட்கேஸ் சும்மாதான கீது? ஒரு வாரம் ஊருக்குப் போறேன், குடேன்."

கொடுத்தேன். என் சூட்கேஸ் எனக்கு முன்னால் வெளியூர் போய்விட்டு வந்தது.

எல்லோரையும் விட அதிகமாகக் குழம்பிப்போனது அம்மாதான். முதல் வேண்டுதல்படி வேலை கிடைத்தது. இரண்டாவது வேண்டுதல்படி நான் போகவில்லை. மாதா இரண்டையும் வரிசைப்படி நிறைவேற்றியிருந்தாள். குறை சொல்ல இடம் இல்லை. ஆனால் மீன் வாங்கப் போனாலும், ரேஷன் கடையில் நின்றாலும், கம்பளி கொடுத்தவர்கள் கம்பளியைப் பற்றி விசாரித்தார்கள். நான்காவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்தேன்.

"இப்ப எதுக்குமா?"

"உனுக்கு அந்த வேலைக்கு சீக்கிரம் கூப்புடணும்னு."

"போவக்கூடாதுன்னு கேட்டது நீதான?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்த மாதாவே மறந்துட்டிருப்பாங்க, நீ ஞாபகப்படுத்தாத" என்றாள்.

ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. பத்து நாளில் சேர வேண்டும். இந்தத் தடவை யாரும் என் இஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஒருவேளை நான் இப்போதும் இருந்துவிடலாம் என்று சொல்லியிருந்தால், கடிகாரத்தையும் கம்பளியையும் எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? தைரியசாலிகள் வீட்டை விட்டுத் தூரம் போகிறார்கள் என்று சொல்கிறார்கள். நான் போனது தெருவில் நடக்கக் கூச்சப்பட்டு.

சென்ட்ரலுக்கு அம்மாவும் அண்ணனும் மட்டும் வந்தார்கள். நைனாவுக்கு ஷிப்ட். வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதே, "போய் சேந்ததும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டார், நான் ஏதோ பெரம்பூருக்குப் போகிற மாதிரி. அம்மா அழவில்லை. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளுவதில் எதிர் சீட்டுக்காரரோடு சண்டை போட்டாள், ஜெயித்தாள், வெற்றியோடு இறங்கினாள். ரயில் நகர்ந்தபோது அவள் எனக்குக் கை காட்டியதை விட அவருக்கு எச்சரிக்கை காட்டியதுதான் அதிகம்.

நான்தான் அழுதேன். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். எதிர் சீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டில் நீட்டினார். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கொருக்குப்பேட்டை. பிறகு தண்டையார்பேட்டை. வடக்கே போகும் ரயில் எங்கள் பேட்டைகளின் முதுகைத் தடவிக்கொண்டுதான் போகும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்று அது மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத் தோழி குடியிருந்த வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அழுகையை எப்படித் தொடர்வது என்று தெரியவில்லை. போன் அடித்தது.

"எங்கடி கீற?"

"திருவொத்தியூர்ல."

அம்மா பக்கத்தில் அண்ணனிடம் எதையோ சொல்லிவிட்டு, "நாங்க இன்னும் சென்ட்ரல் சிக்னல்லயே நிக்கிறோம். ஆட்டோ நவுரல" என்றாள். "எண்ணூர் வந்துட்டா சொல்லு. அந்த நாத்தம் அடிக்கும்போது ஜன்னல சாத்திக்க."

ஒன்றரை நாள் பயணம். ஆந்திரா, மகாராஷ்டிரா எல்லாம் ஜன்னலில் வந்து போயின. கம்பெனியின் பெண்கள் விடுதியில் எனக்குக் கிடைத்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் முன்பே இருந்தாள். என்னை விட ஒரு வயது மூத்தவள். அலமாரியில் தன் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கி எனக்கு இடம் கொடுத்துக்கொண்டே இந்தியில் ஏதோ கேட்டாள். இரண்டு தடவை கேட்டபிறகு புரிந்தது. இவ்வளவு தூரம் வருவதற்கு வீட்டில் சுலபமாக ஒத்துக்கொண்டார்களா என்று கேட்கிறாள். எனக்கு அப்போது தெரிந்த இந்தி ஆறு அல்லது ஏழு வார்த்தை. மூன்று நவநாள், லாரி வரிசை, கேக், கருவாடு எதற்கும் அதில் வார்த்தை இல்லை.

"ஹாங்" என்றேன்.

"அச்சா" என்று தலையை ஆட்டினாள். கொடுத்துவைத்தவள் என்கிற மாதிரி பார்த்தாள்.

நான்கு வருடம் ஆகிறது. வேலை பழகிவிட்டது, இந்தியும் பழகிவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை ராயபுரம் போகிறேன். போன முதல் நாளே, "எப்போ கிளம்புற?" என்று கேட்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை.

போன வருடம் விடுதியை விட்டு கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு மாறினேன். அம்மா பார்த்துவிட்டுப் போக ஒரு வாரம் வந்தாள். அவளுக்கு இந்தியோ குஜராத்தியோ ஒரு சொல் தெரியாது. வந்த நான்காம் நாள், நான் ஷிப்ட் முடிந்து வரும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பாஷையிலேயே தன் முழங்கால் வலியை விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்களும் அவரவர் பாஷையில் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்பும் டிக்கெட்டை நான் ஒரு முறை மாற்றினேன். பிறகு இன்னொரு முறை மாற்றினேன். நைனா தினமும் போன் செய்தார். ஆறாவது வாரத்தில் ஸ்பீக்கரில் அவரும் அம்மாவும் பேசியது எனக்குக் கேட்டது.

"எப்பதான் வர்ற?"

"மூணாவது பிளாக்ல பீகார் பொண்ணு ஒண்ணு கீது. அடுத்த மாசம் பிரசவம். அத்தோட அம்மா வர முடியாதாம். நான் எப்டி வுட்டுட்டு வர்றது?"

நைனா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "ஏதாவது சொல்லி அனுப்பி வைம்மா" என்றார். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். குழந்தை பிறந்து, அதற்குப் பேர் வைத்த பிறகுதான் அம்மா கிளம்பினாள்.